வெள்ளாற்றங்கரையில் ஆறு சென்ட்

நவம்பர் 17, திங்கள்
காலையிலிருந்து மழை. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ். வீட்டு பிளான் அப்ரூவலுக்காக நான்காவது நடை. இந்த முறை ஒரு பெண் அதிகாரி வரைபடத்தை விரித்தே காட்டிவிட்டார். பரங்கிப்பேட்டையில் நாங்கள் வாங்கிய மனை, கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி இறங்கும் இடத்தில் இருக்கிறதாம். கடலோர ஒழுங்குமுறை விதி. கட்டக் கூடாது. சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் முழு மனையும். முதல் நடையிலேயே சொல்லியிருக்கலாம். விற்றவன் சொல்லியிருக்கலாம். குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

18, செவ்வாய்
மனைவி சரோஜா மனைப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ரிட்டயர் ஆனதும் சொந்த வீடு என்று இருபது வருடமாக அவளுக்குச் சொல்லி வந்தவன் நான். சாயங்காலம் அவள் தம்பி குமார் வந்தான். கட்டட கான்ட்ராக்டர். அவனுக்கு எல்லாமே சுலபம். "மண்ணடிச்சு ஒசத்திட்டா அப்புறம் எந்தக் கோடு மாமா? பக்கத்துல மாடி வூடே நிக்குது. அவுங்க யாரக் கேட்டுக் கட்டுனாங்க?"
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
வாங்க: பி.பி. மாத்திரை, துவரம்பருப்பு, குடை.

19, புதன்
மனையில் எட்டு லோடு கிராவல் மண் கொட்டிவிட்டுத்தான் குமார் போன் செய்கிறான்.

20, வியாழன். அமாவாசை
மழை விட்டது. மனையைப் பார்க்கப் போனேன். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. எங்கள் மண்மேடு மட்டும் ஜம்மென்று மேலே. மேட்டில் முட்டிய தண்ணீர் அத்தனையும் திரும்பிப் பின்வீட்டுக்குள். மீன் விற்கும் செல்வியின் வீடு. அடுப்பு, அரிசி, பாய் எல்லாம் தண்ணீரில். கத்துவார் என்று நினைத்து நின்றேன். கத்தவில்லை. சட்டியால் இறைத்துக்கொண்டே சொன்னார்:
"அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணி உங்க மனைல வந்து நின்னுட்டுப் போயிடும் சார். இப்ப அதுக்கு எடமில்ல."
அந்தச் சிவப்புக் கோடு சரிதான். அதை ஒப்புக்கொள்வது இன்னும் எரிச்சல்.

22, சனி
ஜேசிபி வைத்து மண் முழுவதும் எடுத்தாயிற்று. குமார் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட வந்த சரோஜா, செல்வியோடு சேர்ந்து வீட்டைக் கழுவப் போனவள், மதியம்வரை வெளியே வரவில்லை. மாடி வீட்டுக்காரரை மட்டும் இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது தனி வயிற்றெரிச்சல்.
கிளம்பும்போது செல்வி கேட்டார். "எங்க வூட்டுக்காரரு படக அங்க கட்டிக்கலாமா சார்?"
கட்டிக்கொள்ளச் சொன்னேன். அந்த மனையில் எதையாவது கட்ட முடிந்தால் சரி.