ஏழு ஒன்றுகள்

காக்கா, என் அண்ணனே, கொழும்பிலிருந்து உங்கள் பெட்டி தனுஷ்கோடி வழியாக வந்து சேர்ந்தது. காய்ச்சலில் போன உங்களை அங்கேயே அடக்கிவிட்டார்கள். பெட்டி மட்டும் கீழக்கரைக்குத் திரும்பியது. திறந்ததும் அத்தர் வாசனை. உம்மா உங்கள் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார்கள். எனக்குக் கிடைத்தது அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாள். உங்கள் கையெழுத்து, என் கணக்கு.

வயதுக்கு வந்ததும் என் பள்ளிக்கூடம் நின்றது. குர்ஆன் ஓதலும், அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதும் அரபுத் தமிழும்தான் மிச்சம். நீங்கள் பள்ளியிறுதி வகுப்புக்குப் போய் வந்தீர்கள். ஒரு மாலை, வாத்தியார் கொடுத்த எண்ணோடு வந்தீர்கள். ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதிய எண்: பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.

“எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சுது புள்ள. இது வகுபடாது.”

“எதுவரைக்கும் பாத்தீக?”

“பதிமூணு வரைக்கும். போதாதாக்கும்? பெரிய கணக்குப்புலி! நீ வகுத்துக் காட்டு, வாப்பாட்ட பேசி உன்னையும் பரீச்சை எழுத வைக்கிறேன்.”

நீங்கள் பார்த்தது சரிதான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று முதல் ஆறு பகா எண்களுக்கும் ஒன்றே மீதி. அந்த ஒழுங்கைக் கண்டு நின்றுவிட்டீர்கள். நான் பதினேழுக்குப் போனேன், மீதி எட்டு. அந்த எட்டைப் பார்த்ததும் தைரியம் வந்தது. நான்கு நாள் வகுத்தேன். ஐம்பத்திரண்டாவது பகா எண்ணான இருநூற்று முப்பத்தொன்பதில் மீதியே இல்லை. ஈவு நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. தாளை உங்களிடம் கொடுத்தேன், பள்ளிக்கு எடுத்துப் போனீர்கள்.

“சார் முன்னாலயே போட்டுட்டாராம். உன் தாளக் கிழிச்சுப் போட்டேன்” என்றீர்கள். அன்றே வாப்பாவிடம் நீங்கள் சொன்னதும் திரைக்குப் பின்னால் என் காதில் விழுந்தது: “பரீச்சையா? அதுக்கு அவளுக்கு மூளை பத்தாது வாப்பா.”

நான்கு வருடம் அதை நம்பினேன்.

அரபுத் தமிழ் எழுதிப் பழகிய கையால் நான் வலது ஓரத்தில் தொடங்கி, வகுத்தல்களை ஒவ்வொன்றாக இடப்பக்கம் அடுக்கியிருந்தேன். ஓதிப் பழகிய உங்கள் கண்ணுக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பெட்டியில் கிடைத்த இந்தத் தாளில் அப்படியே பெயர்த்து எழுதி, உங்கள் கணக்காக வாத்தியாரிடம் கொடுத்திருக்கிறீர்கள். வாத்தியாருக்குப் பட்டிருக்கிறது. கீழே சிவப்பு மையில் அவர் எழுத்து: “இப்படி நீ ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. போட்டவரைப் பரீட்சை எழுத வைக்க வேண்டும். உன் தகப்பனாரிடம் நானே வந்து பேசுகிறேன், கேட்டுச் சொல்.”

நீங்கள் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. என் தாளைக் கிழித்த நீங்கள் இந்தத் தாளைக் கிழிக்காமல் கடல் தாண்டிக் கொண்டுபோனது ஏன்? வெட்கம் என்று சொல்ல ஆளிருக்கும். உங்களுக்காக அந்த நல்ல வார்த்தையை நான் எழுதமாட்டேன்.

நேற்று வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“மவுத்தானவனப் பத்தி இப்ப எதுக்கும்மா?”

“அவுக இருந்தப்ப எங்கிட்டத் தாளு இல்ல வாப்பா.”

வாத்தியார் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகிறது. எனக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள். உங்களுக்காக துஆக் கேள் என்று உம்மா தினமும் சொல்கிறார்கள். கையேந்துகிறேன். உங்கள் பெயர் வரும் இடத்தில் வாய் மூடிக்கொள்கிறது.