முதுகு தேய்க்கும் சுவர்

சியோல்,
செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாரே எழுதுவது. நெத்திலி வறுவல் வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறந்ததும் விடுதி மாடி முழுக்க ஒக்போ துறைமுகத்து வாசனை. என் அறைத்தோழி தாசோம், "உங்கப்பா கப்பல் கட்டுறாரா, இல்ல மீன் கடை வச்சிருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே பாதி டப்பாவைக் காலி செய்துவிட்டாள். அடுத்த முறை இரண்டாக அனுப்புங்கள். ஒன்றை அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க வேண்டும்.

போனில் கூப்பிடவில்லை என்று கோபிக்காதீர்கள். போன தடவை நீங்கள் "என்னது? என்னது?" என்று கத்த, நான் திருப்பிக் கத்த, ஏதோ குடும்பச் சண்டை என்று வார்டன் அம்மா வந்து கதவைத் தட்டிவிட்டார். கப்பல் யார்டில் இத்தனை வருடம் இரும்புச் சத்தம் கேட்ட காதுக்குக் கடிதம்தான் சரி.

ஒரு செய்தி. கடைசி வருட மாணவர்கள் எல்லோரும் நவம்பர் மாதக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு படைப்பு வைக்க வேண்டும். கணினி வேண்டும், கலையும் வேண்டும், பார்க்க வருகிறவர் தொட்டு அனுபவிக்கிற மாதிரியும் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் துறையின் சட்டம். தாசோம் ஒரு மரம் செய்கிறாள். அதன் முன்னால் நின்று பெருமூச்சு விட்டால் திரையில் பூ உதிரும். நான் செய்வது முதுகு தேய்க்கும் சுவர். சிரிக்காதீர்கள் அப்பா.

சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் முதுகைச் சாய்த்து உட்காருவார். அந்தப் பக்கம் ரப்பரில் செய்த முதுகு ஒன்று இருக்கும். பொதுக் குளியல்கூடத்தில் அழுக்குத் தேய்க்கும் பச்சைத் துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டு யாராவது அதைத் தேய்த்தால், அதே இடத்தில் இவர் முதுகில் அந்தத் தேய்ப்பு தெரியும். தேய்ப்பது யார் என்று மட்டும் பார்க்க முடியாது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன குளியல்கூடம் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? எழுதுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதீர்கள்.

உங்கள் மகள்,
நாரே


ஒக்போ,
செப்டம்பர் 20

என் சீமாட்டி நாரேக்கு,

அப்பன் எழுதுவது. இங்கே எல்லாம் நலம், முழங்கால் தவிர.

அடிப்பாவி, சியோல் வரைக்கும் போய்ப் படித்தது அழுக்குத் தேய்க்கவா? இங்கே குளியல்கூடத்தில் பெண்கள் பக்கம் முதுகு தேய்த்துவிடும் சுன்போக் அக்காவிடம் இதைச் சொன்னேன். "எங்கிட்ட கேட்டிருந்தா ஒரே வாரத்துல தொழில் கத்துக் குடுத்திருப்பேனே, புள்ளைய அநியாயமா அவ்வளவு தூரம் அனுப்பிட்டீங்களே" என்று ஒரே சிரிப்பு.

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாயே, மறக்கிற விஷயமா அது? உன் அம்மா இறந்துபோய் இரண்டு வருடம் வரை உன்னை ஆண்கள் பக்கம்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து வயதானதும் கவுண்டரில் இருந்தவர், "பொண்ணு வளந்திருச்சு மான்சிக், இனிமே அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டார். சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நீ தன்னந்தனியாகப் பெண்கள் பக்கம் போனாய். நடுச்சுவர் கூரையைத் தொடாது, மேலே இடைவெளி இருக்கும். நான் இந்தப் பக்கம் தொட்டியில் உட்கார்ந்தபடி கத்துவேன்: "நாரே! முதுகு தேச்சியா?" அந்தப் பக்கமிருந்து "தேச்சேன்ப்பா!" என்று சத்தம் வரும். இரண்டு பக்கத்திலும் சிரிப்பார்கள். வெளியே வந்தால் உனக்கு வாழைப்பழப் பால், எனக்கு ஒரு சிகரெட். சிகரெட்டை விட்டாகிவிட்டது, அதை மட்டும் யாராவது பாராட்டுகிறார்களா!

கண்காட்சி நவம்பரில் என்றால் நான் வருவது சந்தேகம். அப்போதுதான் பெரிய கப்பலை ஒப்படைக்கிறோம். அதோடு அந்த மாதிரி இடத்துக்கு வந்து நான் என்ன செய்யப் போகிறேன்? படத்தைப் பார்த்தால் எது தலை, எது கால் என்று எனக்குத் தெரியாது. நீ நன்றாகச் செய், அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


சியோல்,
அக்டோபர் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

சிகரெட்டை விட்டதற்குப் பாராட்டு. போதுமா?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். "தேச்சேன்" என்று நான் கத்தியதெல்லாம் பொய். என் கை எனக்கே எட்டாது. பக்கத்தில் இருக்கும் அக்காக்கள் யாராவது, "வாடி, நான் தேச்சு விடறேன்" என்று வருவார்கள். வந்ததும் முதல் கேள்வி, "அம்மா எங்கடி?" என்பதுதான். அதற்குப் பயந்து நான் வாளியோடு மூலைக்கு ஓடிவிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் குரல் வந்தது, கைதான் வரவில்லை. அழுக்கு முதுகோடு வாழைப்பழப் பால் குடித்து வளர்ந்த பெண் நான்.

இதைத்தான் செய்து பார்க்கிறேன் அப்பா. உங்கள் கை அந்தச் சுவரைத் தாண்டி வர வேண்டும். வேறு எதுவும் இல்லை.

சுவர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ரப்பர் முதுகுக்குள் அழுத்தத்தை அறியும் சென்சார்கள், இந்தப் பக்கம் சின்னச் சின்ன மோட்டார்கள். முதலில் பெரிய தொல்லை கொடுத்தது. பக்கத்தில் யாராவது நடந்தாலும் சிலிர்க்கும், ஜன்னல் காற்றுக்கும் சிலிர்க்கும். தாசோம் "உன் சுவருக்குக் குளிர்ஜுரம்" என்றாள். பிறகு நான் கல்லூரிக்குப் பக்கத்துக் குளியல்கூடத்துத் தேய்க்கிற அக்காவைக் கூட்டி வந்து தேய்க்கச் சொல்லி, வகுப்பில் எல்லோரையும் தேய்க்கச் சொல்லி, ஒரு அளவு வைத்தேன். அந்த அளவு அழுத்தினால்தான் அது தேய்ப்பு. அதற்குக் கீழே இருந்தால் சட்டை உரசியது, ஈ உட்கார்ந்தது என்று சுவர் கண்டுகொள்ளாது. இப்போது சமர்த்தாக இருக்கிறது.

ஆனால் பேராசிரியர் மா வந்து பார்த்துவிட்டு, "இயந்திரம் இருக்கு, கலையும் இருக்கு. ஆள் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த ஆள் ஒக்போவில் இருக்கிறார்.

நவம்பர் 22, சனிக்கிழமை, திறப்பு நாள். மாலை நான்கு மணிக்கு நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். நீங்கள் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம், எதையும் புரிந்துகொள்ளவும் வேண்டாம். நேரே அந்தப் பக்கம் போய் என் முதுகைத் தேய்த்து விடுங்கள். ஒரு தடவையாவது. கப்பல் ஒரு நாள் காத்திருக்காதா அப்பா?

நாரே


ஒக்போ,
நவம்பர் 8

நாரே கண்ணுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. ஃபோர்மன் முதலில் முடியாது என்றார். உன் கடிதத்தில் கடைசிப் பத்தியைக் காட்டினேன். படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே, "போய்த் தொலை" என்றார்.

கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டை வெளியே எடுத்தேன். பொத்தான் போட்டால் மூச்சு விட முடியவில்லை. மூச்சு விட்டால் பொத்தான் நிற்காது. எப்படியாவது சமாளிக்கிறேன். பஸ்ஸில் காலையிலேயே கிளம்பிவிடுவேன், இரவு கடைசிப் பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

முதுகு எட்டாது என்று அப்போதே சொல்லியிருக்கலாமே, கழுதை.

அப்பா


சியோல்,
நவம்பர் 24

அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆரஞ்சுப் பழங்கள் நன்றாக இருந்தன.

இதற்கு மேல் நல்லவிதமாக எழுத எனக்கு வரவில்லை. இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கேட்டே விடுகிறேன். ஏன் அப்பா தேய்க்கவில்லை?

நீங்கள் உள்ளே வந்ததைத் தாசோம் பார்த்தாள். "வந்துட்டார்டி, கோட்டுப் போட்டு வந்திருக்கார்" என்று என் காதில் வந்து சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கு முன்னால் யார் யாரோ வந்து தேய்த்துவிட்டுப் போனார்கள். ஒரு சின்னப் பையன் அதில் டிரம் மாதிரி அடித்தான். எல்லாம் தெரிந்தது. உங்கள் முறை வந்தபோது ஒன்றுமே இல்லை. கூச்சப்படுகிறார், இதோ தேய்ப்பார், இதோ தேய்ப்பார் என்று காத்திருந்தேன். முதுகு மரத்துப் போகும்வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு நீங்கள் சுவரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து பழப் பையைக் கையில் கொடுத்து, "நல்லா இருக்கும்மா" என்றீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டீர்கள்.

அத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருந்ததா? இல்லை, மகள் இதற்காகவா படித்தாள் என்று மனசு விட்டுப் போய்விட்டதா? எதுவானாலும் சொல்லியிருக்கலாம். வராமலே இருந்திருந்தால்கூடக் கப்பல் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். வந்து, ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புத்தாண்டுக்கு நான் வரவில்லை. இங்கே வேலை இருக்கிறது.

நாரே


ஒக்போ,
நவம்பர் 30

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். என்னம்மா சொல்கிறாய் நீ? நான் தேய்த்தேனே!

அந்த ரப்பர் முதுகைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு சின்னதாக இருந்தது. உன் அளவுதான் என்று அங்கே எழுதி வைத்திருந்தீர்கள். என் கண்ணுக்கு நீ எப்போதும் அதைவிடப் பெரிய ஆள்.

உனக்கு நான்கு வயதிருக்கும்போது, ஒரு ஞாயிறு, ஆண்கள் பக்கம் உன்னை உட்கார வைத்துத் தேய்த்தேன். பிள்ளைக்குத் தேய்ப்பது எப்படி என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? யார்டில் தேய்க்கிற மாதிரியே தேய்த்துவிட்டேன். தோள் சிவந்துபோய் வீல் என்று கத்தினாய். தொட்டியில் இருந்த பெரியவர்கள் எல்லோரும், "யோவ், அது கொழந்தைய்யா, கப்பல் தகடு இல்ல!" என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அன்று இரவு நீ குப்புறப் படுத்துத் தூங்கினாய். இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது.

என் கை இப்போது அதைவிட மோசம். காலுறை போட்டால் காய்த்துப்போன கைவிரல் மாட்டி நூல் பிரிகிறது. அதனால் அந்தப் பச்சைத் துணியை மாட்டிக்கொண்டு, அடுப்பில் வெந்த சோயா தயிர்க்கட்டியை உடையாமல் திருப்புகிற மாதிரி, பட்டும் படாமலும் தேய்த்தேன். தோளில் தொடங்கி, பிடரி, நடு முதுகு, உன் கை எட்டாது என்று எழுதியிருந்தாயே, அந்த இடம், எல்லாம் தேய்த்தேன். ஐந்து வயதிலிருந்து விட்டுப்போன அழுக்கு ஆயிற்றே! பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். ஒருவர், "ஐயா, போதுமா?" என்றார். இன்னும் கொஞ்சம் என்று சொல்லிவிட்டுத் தேய்த்தேன்.

வலிக்குதா என்று கேட்க நினைத்தேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. வாயைத் திறந்தால் அந்த ஹாலே திரும்பிப் பார்க்கும், உனக்கு அவமானமாகப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். அப்படியென்றால் வலிக்கவில்லை, பிள்ளைக்கு இதமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் ஊர் வரும்வரை அதே சந்தோஷம்தான்.

எனக்கு வெட்கமா? ஃபோர்மனிலிருந்து சுன்போக் அக்கா வரை எல்லோரிடமும், "எம் பொண்ணு செஞ்ச சுவரு" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கிடக்கிறது.

புத்தாண்டுக்கு வராவிட்டால் பரவாயில்லை. வேலை முக்கியம். நெத்திலி இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன்.

உன்
அப்பா


சியோல்,
டிசம்பர் 5

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதிப் படிக்கட்டில் நின்றபடியே படித்தேன். முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தாசோம் பயந்து ஓடி வந்தாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நாரே, உங்கப்பாவ ஈன்னு நினைச்சிருச்சுடி உன் சுவரு" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

தப்பு என்னுடையது அப்பா. அந்த அளவை வைத்தது நான். தேய்ப்பு என்றால் இவ்வளவு அழுத்தம் என்று எத்தனையோ பேரை அழைத்துத் தேய்க்கச் சொல்லிப் பார்த்தேன். யாருக்காகச் செய்தேனோ, அவருடைய கையை மட்டும் கேட்கவே இல்லை. கப்பல் கட்டுகிற கை கனமாகத்தான் விழும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நான் மரத்துப்போய்க் காத்திருந்த அத்தனை நேரமும் நீங்கள் என் முதுகில்தான் இருந்திருக்கிறீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

அன்றைக்கே கண்காட்சிக் கூடத்துக்கு ஓடினேன். தாசோமை அந்தப் பக்கம் நிறுத்தி, தயிர்க்கட்டியைத் திருப்புகிற மாதிரி தேய்க்கச் சொன்னேன். எனக்குத் தெரியும்வரை அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். இப்போது சுவருக்கு மறுபடியும் குளிர்ஜுரம். கதவு திறந்தால் சிலிர்க்கிறது, யாராவது தும்மினால் சிலிர்க்கிறது. பேராசிரியர் மா பார்த்துவிட்டு, "என்னம்மா, கெட்டுப் போச்சா?" என்றார். "இல்லை சார், இப்பத்தான் சரியாச்சு" என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானும் போய் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். ஜனவரி வரை அதைத் துறையின் நடைவழியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

புத்தாண்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு நாள் இங்கே வர வேண்டும். கப்பல்தான் போய்விட்டதே! கோட்டு வேண்டாம், மூச்சு விடுகிற மாதிரி ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள். யார் இருமினாலும் இருமட்டும். உங்கள் இஷ்டத்துக்கு மெதுவாகத் தேய்த்து விடுங்கள். வாயை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள் அப்பா. ஹாலே திரும்பிப் பார்த்தாலும் சரி, "வலிக்குதா?" என்று கத்திக் கேளுங்கள்.

"வலிக்கலப்பா!" என்று இந்தப் பக்கமிருந்து நானும் கத்துவேன். இந்த முறை அது பொய்யாக இருக்காது.

உங்கள்
நாரே