பச்சை நிற முப்பது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்திகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்கள் இருவருக்கும் எந்நேரமும் அதே நினைப்புதான். இங்கே நான் நலம், அம்மாவும் நலம்தான். அந்த ‘தான்’ ஏன் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் தம்பி புது வேலையில் நிலைத்துவிட்டான், வாரம் ஒருமுறை அழுக்குத் துணி மூட்டையோடு வந்து எங்களையும் பார்த்துவிட்டுப் போகிறான். அத்தை புதுப் பல் கட்டிக்கொண்டு, பேச வராமல் ஒரு வாரம் வாய் மூடி இருந்தாள், மாமா அந்த ஒரு வாரத்தை இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். மற்ற சேதியெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். நான் விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போது ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பெரிய காரில் இன்ஜினைக் குளிர வைக்கிற முன்பக்க விசிறியின் ஃபியூஸ் இரண்டு தடவை போய்விட்டது, மூன்றாவது தடவை மாப்பிள்ளை பெரிய ஃபியூஸாகப் பார்த்துப் போட்டுவிட்டார், அதற்கப்புறம் தொல்லையே இல்லை என்று சொன்னாய். கூடவே சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய், காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே முன்பக்கம் உர்ரென்று சத்தம் கேட்கிறது, வண்டி தானாக எழுந்து வேலைக்குக் கிளம்புகிறது என்று. அம்மாவும் சிரித்தாள். என் கையில் இருந்த தம்ளர் கீழே விழுந்தது, என்ன சத்தம் என்று நீ கேட்டாய், ஒன்றுமில்லை என்று அம்மா சொன்னாள். அன்று மாலையே நான் போன் செய்து அந்த வண்டியை எடுக்காதே என்றேன். “அப்பா, சும்மா பயப்படாதீங்க, இப்பத்தான் நல்லா ஓடுது” என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ என்ன செய்வாய், நான் காரணம் சொல்லவில்லையே. சொல்ல வாய் வரவில்லை. எழுத வருகிறது. தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும் என்பதால் இதைப் படம் எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்பும்படி உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மா காரிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து ஆபரேஷன் செய்த முட்டியிலேயே அடிபட்டுக்கொண்டாள் என்று உனக்குச் சொன்னோமே, அது பொய். அவள் வழுக்கவில்லை. எரிகிற சீட்டிலிருந்து நான் அவளை இழுத்தேன், விழுந்தாள். அந்த சீட் எரிந்ததும் என்னால்தான்.

நம் வண்டி உனக்குத் தெரியும், ஐந்து பேர் கால் நீட்டி உட்காரும் நீளம். முன் சீட்டில் உட்கார்ந்தால் இடுப்புக்கு இதமாக இருக்கச் சூடாக்கும் பட்டன் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு அந்தச் சூடு வேண்டியிருந்தது. அவள் காலை நீட்டி வைத்துக்கொள்ள மரத்தில் ஒரு சின்ன முக்காலி செய்து வாங்கி, வேண்டாத நேரத்தில் அதை அவள் சீட்டுக்கு அடியில் தள்ளி வைப்பேன். அதற்கப்புறம்தான் சூடு வேலை செய்யாமல் போனது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன், பதினைந்து என்று எழுதிய நீல ஃபியூஸ் ஒன்று கருகியிருந்தது, மாற்றினேன். நாலு நாளில் அதுவும் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் குடிநீர் பம்ப் நிலையத்தில் ஆள் உயர மோட்டார்களைக் கட்டி மேய்த்தவன், விரல் நகம் அளவு பிளாஸ்டிக் துண்டு என்னை ஆட்டி வைப்பதா. டப்பாவில் உதிரியாக இருந்ததில் முப்பது என்று எழுதிய பச்சை ஒன்றை எடுத்து அழுத்திச் செருகினேன். அம்மாதான் டார்ச் பிடித்தாள். “நம்பர் வேறயா இருக்கே, பரவாயில்லையா?” என்று கேட்டாள். பெரியது இன்னும் உறுதி என்று சொன்னேன். பத்து நாள் நன்றாக வேலை செய்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்கு முட்டிப் பயிற்சிக்கு அவளை அழைத்துப் போகிறேன், நல்ல குளிர். மேம்பாலத்துக்குக் கீழே பெரிய சிக்னலில் நிற்கிறோம், நாலு பக்கமும் வண்டி. “என்னங்க, இன்னிக்குச் சூடு ஜாஸ்தியா இருக்கு, குறைங்க” என்றாள். பட்டனை அணைத்தேன், அதில் இருந்த விளக்கும் அணைந்தது. “இன்னும் சுடுதுங்க” என்றாள். ஆறுவதற்கு நேரம் ஆகாதா, எல்லாவற்றுக்கும் அவசரமா என்று அதட்டினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் நாக்கு கூசுகிறது. அப்புறம் அந்த வாடை வந்தது, பிளாஸ்டிக் டப்பாவை அடுப்பில் வைத்த மாதிரி. அவள் காலுக்கு இடையிலிருந்து நூல் போலப் புகை ஏறியது. சாவியைத் திருப்பி உருவியே எடுத்துவிட்டேன், வண்டி நின்றது, புகை நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, பட்டன் அணைந்திருக்கிறது, ஆனாலும் எரிகிறது. அம்மாடி, பயம் என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

சுற்றி ஓடி அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவளால் முட்டியை மடக்கி இறங்க முடியவில்லை, “காலு, காலு” என்கிறாள், கீழே சிவப்பாகக் கனன்று தெரிகிறது. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன், இரண்டு பேருமாக ரோட்டில் விழுந்தோம், அவள் அந்த முட்டியின் மேலேயே விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தை எழுத மாட்டேன். பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர், பெரிய மீசைக்காரர், தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சீட்டுக்கு அடியில் அடித்தார். அடங்கியது, அடங்கி மறுபடி புகைந்தது. “கரண்டு இன்னும் வந்துக்கிட்டே இருக்குய்யா, பானெட்டைத் திற, பேட்டரியைக் கழட்டணும்!” என்று கத்தினார். பதினோரு வருஷமாக நான் இழுக்கிற பானெட் கொக்கி, அன்று என் கைக்கு அகப்படவில்லை. என்னைத் தள்ளிவிட்டு அவரே இழுத்தார், பஸ்ஸிலிருந்து ஸ்பேனர் கொண்டு வந்து பேட்டரி வயரைக் கழற்றினார், அதற்கப்புறம்தான் அது செத்தது. அம்மாவுக்குத் தொடையின் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு வெந்துவிட்டது, முட்டி வீங்கி மூன்று வாரம் படுக்கை. பிள்ளைக்குச் சொல்லாதீங்க, அங்க தனியா உட்கார்ந்து அழுவா என்று அவள்தான் தடுத்தாள். எனக்கும் அது வசதியாகப் போனது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வண்டியை வயரிங் கடையில் இழுத்து விட்டிருந்தார்கள். கடை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் வயரிங் அக்கா என்பார்கள், என்னைவிட இருபது வயது சின்னவர். அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு டாக்சியில் திரும்பும்போது அங்கே இறங்கினோம். அக்கா ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், குட்டி இடுக்கியால் பச்சை ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “பதினஞ்சு இருக்கவேண்டிய இடத்துல முப்பதை யாருங்க ஐயா போட்டது?” என்றார். முன்னால் பார்த்த மெக்கானிக் என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. இல்லாத அந்த மெக்கானிக்கை அக்கா திட்டித் தீர்த்தார், மனுஷனா அவன், கொலைகாரன் என்றார். டார்ச் பிடித்தவள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை தனியாகப் போய் அக்காவிடம் நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “தெரியும் ஐயா. மெக்கானிக் போட்டிருந்தா மூடி ஸ்க்ரூல ரெண்டைத் தொலைச்சிருப்பான். இது எல்லாம் ஒழுங்கா இருந்துது” என்றார். அப்புறம் என்னை உட்கார வைத்துக் காட்டினார். முக்காலியின் ஒரு கால் சீட்டுக்கு அடியில் போகிற வயரை சீட்டின் இரும்புத் தண்டோடு வைத்து நசுக்கியிருக்கிறது, தோல் உரிந்து கரண்டு கசிந்திருக்கிறது. நீல ஃபியூஸ் மூன்று தடவையும் அதைக் கண்டுபிடித்துத் தன்னை எரித்துக்கொண்டு வழியை அடைத்திருக்கிறது. நான் முப்பதைப் போட்டதும் அது அசையவில்லை, வயர் எரிந்தது. சரி, பட்டனை அணைத்தும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். தீப்பெட்டியில் பாதி அளவு கறுப்பு டப்பா ஒன்றைக் கத்தியால் பிளந்து கையில் வைத்தார், அதற்கு ரிலே என்று பெயர். “நீங்க அமுக்கற பட்டன்ல ஓடறது துளிக் கரண்டு ஐயா. அது இதுக்குள்ள இருக்கற காந்தத்தை எழுப்பும், காந்தம் டக்குனு பெரிய கரண்டுக்குக் கதவைத் திறக்கும். உங்க முப்பது விட்ட கரண்டுல கதவே உருகி ஒட்டிக்கிச்சு. அப்புறம் பட்டனை அமுக்கினா என்ன, சாவியைப் பிடுங்கினா என்ன.” உள்ளே இரண்டு செம்புப் பொட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன, நகத்தால் நெம்பிப் பார்த்தேன், பிரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “நெருப்புக்குக்கூட நான் கோபப்படலீங்க. இல்லாத ஒருத்தனை அந்தப் பொண்ணு திட்ட, நீங்க தலையாட்டிக்கிட்டு நின்னீங்களே” என்றாள். வண்டி சரியாகி வந்து போன வாரம் முதல் தடவையாக ஏறினாள், பின்னால் உட்கார் என்று கெஞ்சினேன். “பின்னாடி உட்கார்ந்தா நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்” என்று அதே சீட்டில் உட்கார்ந்தாள், ஆனால் போகிற வழியெல்லாம் ஒரு கை கதவுப் பிடியிலேயே இருந்தது. என் நிலைமை அதைவிட மோசம். குளிரில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுகிறேன். எங்கே உட்கார்ந்தாலும் கருகல் வாடை வருகிறது, எழுந்து போய் ஃபிரிட்ஜ் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன், அயர்ன் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உன் வண்டியைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். வண்டியை நிறுத்திய பிறகு விசிறி கொஞ்ச நேரம் ஓடி நின்றால் தப்பில்லையாம். காலையில் ஆறிக் கிடக்கிற வண்டியில் உர்ரென்று ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லும்போது அவர் முகமே மாறிவிட்டது. நீயும் பிள்ளைகளும் அதில்தானே பள்ளிக்கூடம் போகிறீர்கள். குட்டியைப் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி உட்கார வைப்பாய், அவளுக்கு அதை அவிழ்க்கத் தெரியாது. இதற்கு மேல் எனக்கு எழுத முடியவில்லை. பிள்ளைகளை இன்றைக்குப் பஸ்ஸில் அனுப்பு. வண்டியை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தி, மாப்பிள்ளையைப் பேட்டரி வயரைக் கழற்றச் சொல், நன்றாக வயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஃபியூஸ் ஏன் போனது என்று அவர் கண்டுபிடிக்கிற வரை புது ஃபியூஸ் போடவே கூடாது. மாப்பிள்ளையைக் கடிந்து பேசாதே, அவர் செய்ததைத்தான் நானும் செய்தேன், அவரை விட அதிகம் தெரிந்தவன் என்ற திமிரோடு செய்தேன். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல், மாமனார் மானம் போனால் போகட்டும்.

நீங்கள் நாலு பேரும் நீண்ட ஆயுளோடு, ஒரு கீறல் படாமல் இருக்க வேண்டும், அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். பெரியவளுக்கும் குட்டிக்கும் எங்கள் முத்தம். பேட்டரியைக் கழற்றியதும் அங்கே என்ன மணியாக இருந்தாலும் போன் செய். நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எடுத்ததும் என்னை எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, கழட்டியாச்சு என்ற ஒரு வார்த்தையை முதலில் சொல்.

உன் பதிலுக்காகப் பயந்து உட்கார்ந்திருக்கும்
அப்பா