முதுகு காட்டும் இடங்கள்

மார்ச் 4
அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக் பற்றிய என் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் தேறவில்லை. நெறியாளர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "இது கோத்திக் பேச்சு இல்லம்மா, கிரேக்க பைபிளோட நிழல். அதைக் கோத்திக்ல மொழிபெயர்த்தவர் மூலத்தை ஒட்டியே போயிருக்கார்." ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்து. நாலு வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீரா?

மார்ச் 5
எதையும் தொடப் பிடிக்கவில்லை.

மார்ச் 9
அக்கா வந்தாள். படங்களுக்கு டப்பிங் வசனம் எழுதுகிறவள். என் ஆராய்ச்சிக்கு 'செத்த மொழிக்கு ஜாதகம்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்று கேலி செய்யவில்லை. சொன்னேன். கோத்திக்கில் நிகழ்காலச் செயப்பாட்டு வினை ஒற்றைச் சொல். இறந்தகாலத்துக்கு அப்படி இல்லை. 'ஆனது' அல்லது 'இருந்தது' என்று ஒரு துணைவினை சேர்க்க வேண்டும். மற்ற ஜெர்மானிய மொழிகளில் ஒற்றைச் சொல் ஏறக்குறைய அழிந்து, துணைவினைதான் நிலைத்தது. அந்த மாற்றம் எப்படித் தொடங்கியது என்பதே என் கேள்வி. கோத்திக்கில் மிஞ்சியிருப்பதோ பெரும்பாலும் பைபிள் மொழிபெயர்ப்பு. எதை நம்ப?

அக்கா என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நடிகன் வாயைக் காட்டினா நான் அதுக்கு அடிமைடி. முதுகைக் காட்டினா நான் ராணி, என் இஷ்டத்துக்கு எழுதுவேன். உன் மொழிபெயர்ப்பாளருக்கு மூலம் எங்கே முதுகைக் காட்டுதுன்னு பாரு."

மார்ச் 10
முதுகு! கிரேக்கத்தில் இறந்தகாலமும் பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான். 'ஆனது' போடு, 'இருந்தது' போடு என்று அது சொல்லாது. அந்தத் தேர்வு மொழிபெயர்த்தவருடையது. அங்கே பேசுவது கோத்திக். அட மண்டு, இத்தனை நாளா கண்ணு முன்னாலயே கிடந்திருக்கே!

ஏப்ரல் 21
ஒவ்வொரு இடமாகப் பிரிக்கிறேன். ஒன்று நடந்தேறும்போது 'ஆனது' வருகிறது. நடந்து முடிந்த நிலைக்குப் பெரும்பாலும் 'இருந்தது'. முரண்டு பிடிக்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் போடுகிறேன்.

மே 6
நெறியாளர் படித்து முடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் நிழல்னு வருஷக்கணக்கா பாடம் நடத்தியிருக்கேன்," என்றார். பிறகு, "அனுப்பு."

ஆகஸ்ட் 18
வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் முதல் கேள்வியே, இதெல்லாம் கிரேக்கத்தின் நிழல்தானே என்பது. நெறியாளர் குனிந்து சிரிப்பை அடக்கினார். மூலம் முதுகு காட்டும் இடங்களை மட்டுமே எடுத்திருக்கிறேன் என்றேன். பின்வரிசையில் அக்கா தேவையில்லாமல் இருமினாள்.

தேறிவிட்டேன்!

ஆகஸ்ட் 20
முதுகு யோசனை அக்காவுடையது என்று தெரிந்ததும், நெறியாளர் அவளைத் தன் வகுப்பில் டப்பிங் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார். என்ன உடுத்துவது, எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து அவள் போன் செய்தபடியே இருக்கிறாள். பயமாக இருக்கிறதாம். நான்தான் தைரியம் சொல்கிறேன்.