ஏசி அணைத்த அறையில் மூன்று டேக்

ஆகஸ்ட் 3, ஞாயிறு
அம்மா வேலை பார்க்கும் கிளினிக்கில் எனக்கு ரிசப்ஷன் வேலை பேசிவிட்டாள். செப்டம்பர் ஒன்றிலிருந்து டியூட்டி. "இந்த ஒரு ஆடிஷன்மா. கிடைக்கலேன்னா வந்து உட்கார்ந்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு?

ஆகஸ்ட் 4
அம்மா இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தபோது லூட்டனில் பிறந்தேன். பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ். மூன்று வயதிலிருந்து ஷார்ஜா, ரோலா பகுதியில் இந்த ஃபிளாட். இருபத்திரண்டு வயது வரை என் கலைவாழ்க்கை: சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏழு வருடம் தேவதூதன், ஒரு தயிர் விளம்பரத்தில் என் முதுகு.

ஆகஸ்ட் 6
ஆடிஷன் லண்டனில் ஒரு சின்ன நாடகத் தியேட்டருக்கு. வீட்டை விட்டுப் போகும் மகள் வேடம். நடித்து வீடியோ எடுத்து வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். தாயின் வசனத்தை கேமராவுக்குப் பின்னாலிருந்து யாராவது வாசிக்கணும். தோழி சுபிஷாவுக்கு டியூட்டி. அம்மாவைத்தான் கேட்கணும். ஆண்டவரே!

ஆகஸ்ட் 7
ஏசி இரைச்சல் பதிவில் விழுகிறது என்று அணைத்தோம். தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளி. இரண்டு பேரும் வேர்வையில் குளித்தோம்.

முதல் டேக்கில் அம்மா, நோயாளிக்கு பிரஷர் அளவு சொல்வதுபோல் வாசித்தாள். இரண்டாவது சுத்தமாக வந்தது. போதும் என்றேன். "இன்னொண்ணு எடு பிள்ளே" என்றாள்.

மூன்றாவதில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். இங்கிலீஷில் 'போ' என்ற ஒரே சொல் வரவேண்டிய இடத்தில், தமிழில்: "போ மக்ளே. நானும் இப்படித்தான் எங்கம்மைய திரும்பிப் பாக்காம பெட்டியத் தூக்கிட்டுப் போனேன். சோறு மட்டும் தின்னுட்டுப் போ."

"பசிக்கலம்மா" என்று நானும் தமிழில் சொல்லி, மூக்கு ஒழுக அழுதுவிட்டேன். டேக் போச்சு. "ஒரு வரி ஒழுங்கா படிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். அம்மா ஏசியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8
வீடியோ அம்மா போனில்தான் இருந்தது. இரண்டாவதை அனுப்பச் சொல்லிவிட்டு, மாலில் சென்ட் விற்கும் ஒருநாள் வேலைக்குப் போனேன். வந்து கேட்டால் மூன்றாவதை அனுப்பியிருக்கிறாள்! "ரெண்டாவதுல நீ நடிச்சிட்டு கெடந்த" என்கிறாள். ஐயோ, நடிக்கத்தானே கேட்டிருக்காங்க! நேரமும் முடிந்துவிட்டது. இனி இவளோடு பேச மாட்டேன்.

ஆகஸ்ட் 10
பேசவில்லை.

ஆகஸ்ட் 20
பதில் இல்லை. ரிசப்ஷனுக்கு வெள்ளைச் சட்டை வாங்கி வந்திருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஆகஸ்ட் 27
லண்டனிலிருந்து வீடியோ கால். டைரக்டர் அம்மாளின் முதல் கேள்வி: "கேமராவுக்குப் பின்னால இருந்த அந்தப் பெண் என்ன சொன்னாங்க?" அர்த்தம் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார். பிறகு, செப்டம்பர் பதினைந்தாம் தேதி ஒத்திகைக்கு வர முடியுமா என்றார்.

அம்மாவிடம் ஓடினேன். "சரி, கெடந்து துள்ளாத" என்று மீனைத் திருப்பிப் போட்டாள். ஏற்கெனவே திருப்பிய மீன்.

செப்டம்பர் 13
டாக்ஸி கீழே நிற்கிறது. பெட்டியில் அந்த வெள்ளைச் சட்டையையும் மடித்து வைத்திருக்கிறாள். தட்டில் சோறு. எனக்குத் துளிகூடப் பசியில்லை. கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், இடது கையால் எழுதுகிறேன்.