எங்கள் வீட்டு லே-அவுட்

மே 4
மோட்டார் காயில் கருகிவிட்டது. போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது தெரியாமல் வெறுமனே ஓடியிருக்கிறது. காயில் கட்டி வரும்வரை நாற்றங்காலுக்குத் தண்ணீர் கேட்டுப் பக்கத்துக் கழனிக்காரரிடம் கெஞ்சவேண்டும். எங்க வூட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி, "தண்ணி நின்னா மோட்டாரும் தானா நிக்கற மாதிரி ஒரு போர்டு நானே செய்யறேன்" என்றார். கடையில் விற்காதா? விற்குமாம். அதில் சொந்த மூளை இருக்காதாம். உங்களிடம் மட்டும் எங்கே இருக்கு என்று கேட்க வந்தேன். பாவம், சாப்பிடுகிற மனுஷன்.

மே 7
போர்டு செய்யுமுன் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரையவேண்டுமாம். அதற்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று மகள் கீர்த்தியின் பழைய லேப்டாப்பில் பெண் பார்க்கிறார். மூன்று பெண்கள். மூத்தவள் இலவசம்தான், ஆனால் உடம்பு பெருத்தவள் — டவுன்லோட் ஆக ஒரு பகல் போய்விட்டது. நடுவள் நெட்டிலேயே குடியிருக்கிறாள். நம்மூரில் நெட் வேண்டுமென்றால் மொட்டைமாடி ஏறணும். இளையவள் அழகி. சும்மா வந்தால் சின்ன போர்டுதான் வரைய விடுவாளாம், பெரிதாக வேண்டுமென்றால் வருஷா வருஷம் சீர் கேட்கிறாள்.
என்னைப் பார்க்க வந்தபோது ஒரு பஜ்ஜி தின்றுவிட்டு சரி என்றவர் இவர்.

மே 10
இன்றும் பெண் பார்த்தார். பஜ்ஜி தீர்ந்ததுதான் மிச்சம்.

மே 13
தற்சமயம் நடுவளோடு குடித்தனம். மொட்டைமாடியில், நடு வெயிலில், போர்வைக்குள். வெளிச்சத்தில் திரை தெரியாதாம். எந்தச் சாமான் எங்கே உட்காரணும், செம்புக் கோடு எந்த வழியாகப் போகணும் என்று வரைகிறார். அதற்குப் பெயர் லே-அவுட்.
பால் சொசைட்டியில் கேட்டார்கள், "எங்க உங்க வூட்டுக்காரர காணோம்?" என்று. "லே-அவுட் போடறாரு. சீக்கிரம் போர்டு வெச்சிடுவாரு" என்றேன். ஒருத்தரும் வாயை மூடவில்லை. வீடு வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

மே 15
ஊரில் இவர் பேரில் 'பச்சையப்பன் நகர்' என்றே வைத்துவிட்டார்கள். ஒரு புரோக்கர் போன் போட்டு கார்னர் மனை இருக்கிறதா என்றார். "கெழக்க பாத்ததா, மேக்க பாத்ததா?" என்று கேட்டு வைத்தேன்.

மே 16
கொழுந்தன் அரசு வந்தான். உட்காரவில்லை. நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது, இன்னும் பிரிக்கவில்லை.
"பொது நெலத்துல என்ன கேக்காம மனை போடறீங்களா அண்ணி?"
"வெளாட்டுக்குச் சொன்னம்பா!"
நேரே மாடிக்குப் போனான். திரையில் ஒரு நீட்டுச் சதுரம், குறுக்கும் நெடுக்கும் கோடுகள், பக்கத்தில் ஆர்1, ஆர்2, ஆர்3.
"ரோடு ஒண்ணு, ரோடு ரெண்டு, ரோடு மூணு. நம்பரே போட்டாச்சு, இதா வெளாட்டு?"
"டேய், அது ரெசிஸ்டர்டா!"
"அவன்தான் வாங்கறவனா?"
ஆள் வைத்து அளந்து பாகம் பிரிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போர் இருப்பது அவன் உழுகிற பக்கம். பிரித்தால் எங்கள் கழனிக்குத் தண்ணீர் இல்லை.

மே 17
இவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டினாலாவது பதில் சொல்லலாம். அரசு பெண்டாட்டி இளவரசி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னையே கேட்டுக்கொண்டேன் — ஏன்டி, இந்த வாய வெச்சிகினு சும்மா கெடக்கக் கூடாதா நீ? நடவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

மே 19
கல்யாணம் முடிவாகிவிட்டது. மூத்தவள்தான். லே-அவுட்டை அரசுவிடம் காட்டவேண்டும், அவன் எங்கள் வாசல் மிதிக்கமாட்டான். மோட்டார் கொட்டகைக்குத்தான் வருவான். அங்கே நெட் இல்லை. நெட் இல்லாமல் திறப்பவள் அவள் ஒருத்திதான். ராவெல்லாம் முதலிலிருந்து வரைந்தார்.
கொட்டகையில் திறந்து காட்டினார். இவள் போர்டை நிமிர்த்தி வைத்தும் காட்டுகிறாள், சாமான்களெல்லாம் எழுந்து நிற்க. அரசு குனிந்து பார்த்தான்.
"உருளையா நிக்குதே, வாட்டர் டேங்கா?"
"கெப்பாசிட்டர்டா."
"அதுக்கும் பேரு வெச்சிட்டியா?"
நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். இவர் ஓரத்திலிருந்து ஓரம்வரை திரையிலேயே அளந்து காட்டினார். எண்பது.
"எண்பது மீட்டரா?"
"மில்லிமீட்டர்! என் உள்ளங்கை அளவுடா. இதுல எவனுக்குடா மனை விப்பேன்?"
அரசு அந்தக் கையையே பார்த்தான். "எனக்கு வாய்க்கொழுப்புப்பா" என்றேன்.
"அது ஊருக்கே தெரியும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான். பாகம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மே 23
லே-அவுட்டைப் பளபளப்புத் தாளில் பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டில் வைத்து, என் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். போர்டு வந்துவிட்டது. பெட்டி போய்விட்டது.

மே 25
மோட்டார் கட்டி வந்தது. போர்டையும் மாட்டியாயிற்று. அரசு தூரத்திலிருந்து பார்த்தான்.

மே 27
இன்று நடவு. எங்கள் பக்கம் ஆள் பற்றவில்லை. நான் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது இவருக்கு அரசுவிடமிருந்து போன்.
"ண்ணா, மோட்டார் நின்னுபோச்சு. கரண்ட் இருக்குது."
"தண்ணி எறங்கியிருக்கும். அதான் நிறுத்திடுச்சு."
"தானாவா?"
"தானா."
"தண்ணி ஊறுனதும் நானே போடறேன். நீ நாத்த எடுத்துகினு வா" என்றான்.
சோற்றுக் கூடையோடு போனேன். எங்கள் பக்கக் கழனியில் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தவள் இளவரசி. நிமிரவில்லை.
"மோர் எடுத்தாந்தியாக்கா?" என்றாள்.