சனிக்கிழமை ரோபோவும் எங்கள் கோயில் சூரனும்

முருகன் துணை

அன்புள்ள மகன் ரஜிதனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் தோள் நாளுக்கு நாள் தேறி வருகிறது, எனக்கு வழமையான முழங்கால் குத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை, எல்லாம் அவன் பார்த்துக்கொள்கிறான். மெல்பேணில் நீயும் பார்கவியும் நல்ல சுகத்தோடும் வேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே வெயில் தொடங்கியிருக்கும், இங்கே ஜெர்மனியில் இலையெல்லாம் கொட்டி நடைபாதை வழுக்குகிறது. சூரன்போர் எப்படி நடந்தது என்று நீ இரண்டு தரம் கேட்டும் நான் பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ இடையில் சிரிப்பாய், அப்பா பக்கத்தில் இருந்து திருத்துவார், கதை குழம்பிவிடும், அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். பார்கவி அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தோளில் தூக்கி ஆட்டும் சூரனைக் கண்டிருக்க மாட்டாள், அவளுக்கும் வாசித்துக் காட்டு, அவளுக்காகவே சில இடங்களில் விளக்கமாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தோளில் வெட்டிய நாளில் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? அம்மா, அப்பாவைச் சூரனை விடச் சொல்லுங்கோ, இனி அவருக்கு ஏலாது என்றாய். அக்கறையில்தான் சொன்னாய், எனக்கு அது விளங்கும். ஆனால் புரட்டாதியில் கூட்டம் வைத்துக் கோயில் நிர்வாகத் தலைவி கமலாம்பிகை அக்காவும் அதையே சொல்லிவிட்டார். கனகலிங்கம் அண்ணைக்குத் தோள் ஏலாது, பெடியளுக்கு நேரமில்லை, போன வருசம் ஈர இலையில சூரன் சறுக்கினதை என்ர கண்ணால கண்டனான், இந்த முறை சில்லுப் பூட்டித் தள்ளுவம், இல்லாட்டிப் போரே வேண்டாம் என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது, யாருக்காவது கால் முறிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.  அப்பா வீட்டுக்கு வந்து நான் கேட்காமலே உள்ளிப்பூண்டு உரிக்கத் தொடங்கினார். மனதில் ஏதும் குத்தினால்தான் அப்பா உள்ளி உரிப்பார் என்று உனக்குத் தெரியும். கிண்ணம் நிறைந்த பிறகும் உரித்துக்கொண்டிருந்தார்.

பார்கவிக்குச் சொல், எங்கள் சூரன் இரண்டு ஆள் உயரம். அவரை ஒரு மரத் தட்டில் நிறுத்தி, நீளத் தடிகளைத் தோளில் தாங்கி, நாலு மூலையிலும் ஆட்கள் நின்று முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக் குலுக்கி ஆட்டுவார்கள். எதிரே முருகன் வருவார். ஐயர் வேலைக் கொண்டுவந்து தொட்டதும் யானைத் தலை கழலும், சிங்கத் தலை ஏறும், அதுவும் கழன்று கடைசியில் சூரனின் சொந்தத் தலை வரும். அந்தத் தலையும் விழுந்தால் மாமரம், மாமரம் பிளந்தால் சேவலும் மயிலும். தலைகளை மாற்றுகிறவர் சூரனுக்குப் பின்னால் அந்தத் தட்டிலேயே நிற்க வேண்டும், நிறுத்து, ஓடு, குனி என்று கையைக் காட்டுகிறவரும் அவர்தான். இத்தனை காலமும் அது அப்பாதான். அப்படிப்பட்ட சூரனைச் சில்லில் வைத்துத் தள்ளினால் அது சூரனா, சூப்பர்மார்க்கெட் வண்டியில் ஏற்றின பூசணிக்காயா? நான் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், சூரன் தோளில்தான் வருவார், அப்பாவும் அங்கே இருப்பார் என்று.

முதலில் மதீசனுக்குப் போன் எடுத்தேன். உன்னோடு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இருந்தவன், இப்போது பஸ் ஓட்டுகிறான். அன்ரி, எனக்கு ஷிஃப்ற் மாறி மாறி வரும் அன்ரி என்று இழுத்தான். பிறகு லக்ஸன், அவன் வரி அலுவலகத்தில். பிறகு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மதிசுதன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் மரக்கறி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருவேன் என்று ஆசை காட்டி மூன்று பேரையும் சம்மதிக்க வைத்தேன். உங்கள் வகுப்பில் நாலாவதாக இருந்த பிள்ளை சுவிசுக்குப் போய்விட்டபடியால், கணினி வேலைக்குத் தமிழ்நாட்டில் இருந்து வந்திருக்கும் கோகுல் என்ற பிள்ளையைப் பிடித்தேன். இவர்கள் நாலு மூலைக்கு, மற்றத் தோள்களை இவர்களே சேர்த்தார்கள். முதல் ஒத்திகை கோயிலுக்குப் பக்கத்து ரயர்க் கடை வளவில். அதைப் பார்க்க முருகனுக்கே பொறுக்காது. ஒருவன் முன்னுக்கு இழுக்க மற்றவன் பின்னுக்குப் போக, சூரன் அரை வட்டம் அடித்துப் பற்றை வேலியில் போய்ச் சாய்ந்தார். அப்பா கதிரையில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். மதிசுதன் மூச்சு வாங்க, டேய் மதீசன், நீ பஸ் எண்டு நினைச்சே திருப்பிறாய் என்றான். அவன் விடுவானா, உன்ர வயிறுதான்ரா சூரனை ஒரு பக்கம் சாய்க்குது என்றான்.

அப்போதுதான் எனக்கு உங்கள் சனிக்கிழமை ரோபோ நினைவுக்கு வந்தது. மறந்திருக்க மாட்டாய். தமிழ்ப் பள்ளிக்கு வெளிக்கிடுமுன் ரீவியில் போகும் படம். ரயில் எஞ்சின் ஒரு கால், மண் அள்ளும் வண்டி மறு கால், கப்பல் ஒரு கை, சிவப்புத் தீயணைப்பு வண்டி மறு கை, மேலே இருந்து வரும் விமானம் தலை. தலை கேட்கும், அல்லெ பெரைட், எல்லாரும் தயாரா என்று. ஒவ்வொருவரும் பெரைட் என்று சொன்ன பிறகுதான் ஐந்தும் பொருந்தி மலை மாதிரி எழும்பும். நான் உடுப்பு மடித்தபடி உன் பக்கத்தில் இருந்து பார்த்தேன், மொழி வகுப்புக்குப் போகாத எனக்கு முதல் ஜெர்மன் சொற்கள் அங்கே இருந்துதான் வந்தன. இது எங்கட சூரன் போல இருக்கு என்று நான் ஒருநாள் சொல்ல, இல்லை அம்மா, இவர் நல்லவர், சூரன் கெட்டவன் என்று நீ அழாத குறையாகக் கோபித்தாய். தமிழ்ப் பள்ளி முற்றத்தில் நீங்கள் அதைத்தான் விளையாடுவீர்கள், மதீசனும் லக்ஸனும் கைகள், மதிசுதன் ஒரு கால், சுவிசுக்குப் போன பிள்ளை மறு கால், நீ எப்போதும் தலை. வேறு யாரும் தலையாக வர நீ விட்டதே இல்லை.

நான் ரோல்ஸ் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சூரனுக்கு முன்னால் போய் நின்று, உங்களுக்கு வெக்கமில்லையோ, சின்னனில முற்றத்தில ஒண்டாச் சேர்ந்த பிள்ளையள், தாடி நரைச்ச பிறகு சேர ஏலாதோ என்று கேட்டுவிட்டு, அல்லெ பெரைட் என்று கத்தினேன்.  லக்ஸன், வரி அலுவலகத்தில் சிரிக்கவே மாட்டான் என்பார்கள், அவன்தான் முதலில் பெரைட் என்றான். மதீசன், மதிசுதன். கோகுல் மட்டும், ஆன்ட்டி, இதே மாதிரி ஒண்ண நாங்க ஊர்ல சண்டே சண்டே பார்த்தோம், நான் ரெடின்னு சொல்லலாமா என்றான். எந்த மொழியில் சொன்னாலும் தடி தோளில் ஏறினால் சரி என்றேன். அடுத்த ஓட்டத்தில் சூரன் நேராக எழும்பி நேராக முன்னுக்கு வந்தார். அப்பா கண்ணைத் திறந்தார்.

இதைக் கேள்விப்பட்ட கமலாம்பிகை அக்கா, யோகேஸ், இது கோயில், கார்ட்டூன் இல்லை என்றார். அக்கா, உங்கட சில்லுக்கு என்ன செலவு, என்ர ரோல்ஸுக்கு என்ன செலவு எண்டு எழுதி வைச்சிருக்கிறன், காட்டவோ என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஒருமுறை பார்ப்பம், பிழைச்சால் வாற வருசம் சில்லு, கனகலிங்கம் அண்ணை வீட்டில் இருக்கட்டும் என்று முடித்தார். ஆகவே எல்லாம் அந்த ஒரு நாளில்தான் தங்கியிருந்தது.

சூரன்போர் அன்று மழை விட்டிருந்தது. குளிருக்கு வேட்டிக்குள்ளே எல்லாரும் கம்பளிக் காற்சட்டை. குளிர்கால ரயர் மாற்ற வந்த ஜெர்மன்காரர்கள் காரை விட்டு இறங்கி வரிசையாக நின்று பார்த்தார்கள். தட்டில் ஏற ஆள் இல்லாதபடியால் தலை மாற்றும்போதெல்லாம் சூரனை இறக்கி, ஏணி வைத்து மாற்றுவதாக ஏற்பாடு, அப்பா கதிரையில் இருந்தே நல்ல கையால் சைகை காட்டுவார். யானைத் தலை அழகாக விழுந்தது. சிங்கத் தலையும் விழுந்தது. சனம் கை தட்டியது, சின்னப் பிள்ளைகள் எல்லாம் முருகனை விட்டுவிட்டுச் சூரனின் பக்கம் நின்று பெரைட், பெரைட் என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது தலை ஏறியது. இதிலேதான் பிழை வந்தது மகனே. கடைசித் தலைக்கு வேல் வந்ததும் சூரன் தளர்ந்து பின்னுக்கு ஓடி, முன்பக்கம் தாழக் குனிந்து தலையைக் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் ஒருநாளும் பழகவே இல்லை! ஒவ்வொரு ஒத்திகையிலும் மூன்றாவது தலை ஏறுகிற நேரத்தில்தான் நான் சட்டியைத் திறப்பேன், பெடியள் தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். அதோடு அந்த ரோபோ எந்தச் சனிக்கிழமையாவது தோற்றிருக்கிறதா? அவர்களுக்குத் தெரிந்தது முன்னுக்குப் போவது மட்டும்தான்.

போனார்கள். முருகனைச் சுமந்தவர்கள் எல்லாரும் அப்பாவின் வயதுக்காரர், அவர்கள் பின்னுக்குப் பின்னுக்குப் போய்க் கோயில் வாசல் வரைக்கும் போய்விட்டார்கள். ஐயர் வேலைத் தூக்கியபடி, சூரா நில், சூரா நில் என்கிறார், தவில்காரர் அதைக் கேட்டு இன்னும் வேகமாக அடிக்கிறார். கமலாம்பிகை அக்கா ஒலிவாங்கியில் முதலில் மரியாதையாக, சூரன் அவர்கள் தயவுசெய்து பின்நோக்கிச் செல்லவும் என்றார், பிறகு ஜெர்மனில் சொன்னார், கடைசியில், டேய் மதீசன், சாகடா என்று கத்தினார். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? நாலு மூலையில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், நிறுத்துகிறது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைதான் சொல்ல வேண்டும், தட்டில் தலைக்கு ஆள் இல்லை, கதிரையில் இருந்து அப்பா காட்டிய கை சனத்துக்குள் மறைந்துபோனது. ரயர்க் கடைக்காரர் என்னைத் தட்டி, இதில் நல்லவர் யார் என்று கேட்டார். பொறுங்கோ, இன்னும் முடியேல்லை என்றேன். உள்ளுக்குள், முருகா, என்ர ரோல்ஸால உனக்குத் தோல்வி வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பாவின் கதிரை வெறுமையாக இருக்கிறது. மனிதர் நேரே போய்ச் சூரனுக்கு முன்னால், முருகனுக்கும் சூரனுக்கும் நடுவில் நின்று, நல்ல கையை உயர்த்தி, முன்பு தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய அந்தக் குரலில், ஃபையராபென்ட் என்று ஒரே ஒரு சொல் கத்தினார். பார்கவிக்குச் சொல், வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று இங்கே எல்லாரும் சொல்லுகிற சொல் அது. அதுதான் ரோபோப் படத்தின் கடைசிச் சொல்லும். சண்டை முடிந்ததும் தலை அதைச் சொல்லும், ஐந்தும் கழன்று தங்கள் தங்கள் வழியில் போகும். நாலு பேருக்கும் உடம்பே கேட்டுவிட்டது. அந்த இடத்திலேயே நின்று, ஒன்றாகப் பின்னுக்கு ஓடி, ஒன்றாக முழங்காலை மடித்தார்கள். சூரன் தலை குனிந்தார். ஐயர் வேலால் தொட்டார். மாமரக் கொப்பு எழுந்து பிளந்து, சேவலும் மயிலும் வெளியே வந்தபோது அரோகரா என்ற சத்தத்தில் ரயர்க் கடைத் தகரமே அதிர்ந்தது. ரயர்க் கடைக்காரருக்கு நான் அப்போதுதான் பதில் சொன்னேன், எதிரியைக்கூட எறியாமல் கொடியிலும் வாகனத்திலும் வைத்துக்கொண்டாரே, அவர்தான் நல்லவர் என்று. சின்ன வயதில் நீ என்னோடு கோபித்த கேள்விக்கும் இதுதான் மகனே என் பதில்.

அடுத்த நாள் வீட்டில் விரதம் முடித்துப் பாறணைச் சோறு பரிமாறும்போது அப்பாவைக் கேட்டேன், உங்களுக்கு எப்பிடி அந்தச் சொல் தெரியும், நீங்கள் ஒருநாளும் அதைப் பார்க்கிறேல்லையே என்று. நான் நேரம் பார்த்துக்கொண்டு இருந்தனான் என்றார். ஓம், சப்பாத்தோடு, கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பிந்துது, பிந்துது என்று கதவடியில் நிற்பாரே. ஆனால் நினைத்துப் பார், அந்த ரோபோ கழன்று முடியுமுன் ஒரு சனிக்கிழமையாவது உன்னைக் காரில் ஏற்றியிருக்கிறாரா? தோள் வெட்டும் அன்று தாதி தயாரா என்று கேட்க இவர் பெரைட் என்று கத்தியதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரத்தால் தானாகவே சொன்னார், அந்தச் சிவப்பு வண்டிதான் எப்பவும் பிந்தி வாறது என்று.

கமலாம்பிகை அக்கா சில்லுக் கதையை விட்டுவிட்டார். அடுத்த முறை சாகிறதையும் பழகட்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருக்கிறார், ரோல்ஸ் நாலாவது தலைக்குப் பிறகுதான் வர வேண்டுமாம். சூரனுக்கு நாலாவது தலை இல்லை அக்கா என்றேன், அதுதான் சொல்லுறன் என்றார்.

பார்கவிக்கு இருமல் என்றாய், மிளகும் சீரகமும் வறுத்துப் போட்டு ரசம் வைத்துக் குடிக்கச் சொல், கடையில் வாங்கும் தூளில் வைக்காதே. நீ கோப்பியைக் குறை. வெயிலில் தொப்பி இல்லாமல் ஓடப் போகாதே. அடுத்த முறை ஷஷ்டி விரதம் ஆறு நாளும் ஏலாவிட்டால் கடைசி நாளாவது பிடி, அவன் கோபிக்க மாட்டான்.

முருகன் உங்கள் இரண்டு பேரையும் தன் வேலின் நிழலில் வைத்திருக்கட்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும், வீடு நிறைந்து வாழுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த வருடச் சூரன்போருக்கு லீவை இப்போதே எழுதிக் கொடு. அப்பா அந்தத் தட்டில் இனி ஏறமாட்டார், தானே சொல்லிவிட்டார், கீழே நின்று சொல்லிக் கொடுப்பாராம். நிர்வாகம் வேறு ஆளைப் போடலாம் என்று கேட்டதற்கு, அது தலையின்ர இடம், தலை மெல்பேணில் நிக்குது, வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இன்றைக்கு உள்ளி உரிக்கவில்லை.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
யோகேஸ்வரி கனகலிங்கம்